காகித இலக்கைச் சுட ஒரு சிக்கன ரிவால்வர்

ரிவால்வருக்கு ஒரு தடவைதான் பணம் கொடுக்கிறோம். தோட்டாவுக்கு ஒவ்வொரு பயிற்சி நாளும் கொடுக்க வேண்டும். அவசரமே இல்லாமல் சுட்டாலும் ஒரு மாலையில் 100 தோட்டா தீர்ந்துவிடும். அதனால் எந்த ரிவால்வர் மலிவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தோட்டாவை வருடம் முழுக்க வாங்கிக் கட்டுப்படியாகும் என்று பார்த்துவிட வேண்டும். (உங்கள் ஊர்ச் சட்டமும் உரிமமும் எதை அனுமதிக்கின்றன என்பது அதற்கும் முந்தைய கேள்வி. அதை முடித்துவிட்டே கடைக்குப் போங்கள்.)

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பதில் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறிய தோட்டா. வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம்தான். உதைப்பு இல்லையென்றே சொல்லலாம், சத்தமும் குறைவு. புதியவர்கள் குறி தவறுவதற்குப் பெரிய காரணம், வெடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே துள்ளுவது. .22-இல் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. குறை என்னவென்றால், ரிம்ஃபயர் (உறையின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை) என்பதால் காலி உறையை மறுபடி நிரப்ப முடியாது.

அடுத்தது .38 ஸ்பெஷல். 148 கிரெயின் வாட்கட்டர் குண்டின் முகம் தட்டையாக இருக்கும். காகிதத்தில் அச்சுக் குத்தியது போல வட்டமாக ஓட்டை போடும். பித்தளை உறையைப் பல முறை நிரப்பிச் சுடலாம் என்பதால், நிரப்பும் கருவி வைத்திருப்பவர்களுக்குச் செலவு நன்றாகவே இறங்கும். .357 மேக்னம் ரிவால்வரிலும் .38 ஸ்பெஷலைச் சுடலாம். மாற்றிச் செய்யக் கூடாது. .38 உறை நீளம் குறைந்தது என்பதால், சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். அதைத் துலக்காமல் மேக்னம் தோட்டாவைப் போட்டால் முழுதாக உள்ளே இறங்காது, சுட்ட உறையும் எளிதில் வெளியே வராது.

பேரல் 4 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 6 இன்னும் நல்லது. குறிபார்க்கப் பேரல் முனையில் உள்ள முன்குறிக்கும் கண் பக்கம் உள்ள பின்குறிக்கும் நடுவே உள்ள தூரம்தான் இங்கே கணக்கு. அந்தத் தூரம் 100 மில்லிமீட்டர் உள்ள குட்டை ரிவால்வரில் முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அடி 50 மில்லிமீட்டர் தள்ளி விழும். 190 மில்லிமீட்டர் இருந்தால் அதே தவறுக்கு 26 மில்லிமீட்டர்தான். சட்டைப்பைக்குள் அடங்கும் லேசான ரிவால்வரைப் பயிற்சிக்கு வாங்காதீர்கள். உதைப்பு அதிகம், பிடி சிறியது, 50 தோட்டாவுக்குள் கை சலித்துப்போகும்.

புதிதாகவே வேண்டும் என்றால் சிங்கிள் ஆக்‌ஷன் .22-கள் சிக்கனம்: ஹெரிடேஜ் ரஃப் ரைடர், 2019-இல் வந்த ரூகர் ராங்லர். ஒவ்வொரு தடவையும் ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். பக்கவாட்டுக் கதவு வழியே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். நிதானமாகச் சுடுகிறவருக்கு இது குறையே இல்லை, தோட்டாவும் மிச்சம். இவற்றின் அடிப்படை மாடல்களில் பின்குறியை நகர்த்த முடியாது என்பதுதான் எங்களுக்கு உறுத்துவது. வாங்கும் முன் முடிந்தால் ஒரு சுற்றுச் சுட்டுப் பாருங்கள். உயர வித்தியாசத்தைக் குண்டின் எடையை மாற்றிக் கொஞ்சம் சரிசெய்யலாம். இடது வலது விலகலுக்கு அந்த வழி கிடையாது. சில பெட்டிகளில் .22 மேக்னம் சிலிண்டர் ஒன்றும் கூட வரும். அதில் .22 எல்.ஆர். போடக் கூடாது. அறை அகலம் அதிகம் என்பதால் உறை பிளந்துவிடும்.

எங்கள் விருப்பம் பழைய டபுள் ஆக்‌ஷன்தான், அதாவது டிரிகரை இழுத்தாலே ஹேமரும் பின்னே போய் விழும் வகை. காவல்துறைகள் கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 போன்றவற்றில் இடுப்பில் மாட்டும் தோலுறையில் உரசி வெளிப்பூச்சு போயிருக்கும், ஆனால் சுட்டது குறைவாகவே இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்.

முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு மூடி, விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொண்டு ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் கடைசி நிலைக்கு வருவதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள், ஏனென்றால் ஒன்று மட்டும் பிந்துவது சகஜம். பிந்தினால் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காது. குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து, இழுத்து நிறுத்திய ஹேமரை டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழுந்தால் யாரோ உள்ளே உள்ள பாகத்தை அரத்தால் ராவியிருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள்.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளக்கலாம். 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் அருமை, 0.25-ஐத் தாண்டினால் வேண்டாம். மிகக் குறைவாக இருந்தாலும் தொல்லை: சில டஜன் தோட்டாவுக்குள் கரி படிந்து சிலிண்டர் இறுகும். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளி இரண்டு தடவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பேரலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கு நேர் மேலே ஃபிரேமில் தெரியும் மெல்லிய கீறல் சூட்டு வாயு அரித்தது, ஓரளவுக்கு மேல் வளராது. பழைய .22 என்றால் ஒவ்வொரு அறையின் விளிம்பையும் பாருங்கள். காலியாகவே ‘டிக் டிக்’ என்று அடித்துப் பழகியிருந்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி பட்டு அங்கே பள்ளம் விழுந்திருக்கும். தோட்டா நுழையவே திணறும்.

வாங்கிய பிறகு சிலிண்டரைச் சினிமாவில் போல மணிக்கட்டை வீசி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். காலி உறைகளைத் தள்ளும்போது பேரல் முனை மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் எரியாத மருந்துத்துகள் உறைகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் விழும். சிலிண்டர் திடீரென்று இறுகினால் பெரும்பாலும் அங்கேதான் அழுக்கு. பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். .22-இல் 100 தோட்டாவுக்குப் பிறகு அறைகளையும் ஒரு தடவை துலக்குங்கள்.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் சுட வேண்டாம். விரல் சிலிண்டரின் முன்முனையைத் தாண்டக் கூடாது, அந்த இடைவெளியில் வரும் வாயு சதையைக் கிழிக்கும். வெடிக்காத தோட்டா என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். சத்தம் ‘புஸ்’ என்று வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். எல்லாத் தோட்டாவையும் இறக்கிவிட்டுப் பேரலுக்குள் மரக்குச்சி விட்டுப் பாருங்கள். குண்டு உள்ளேயே சிக்கியிருக்கக்கூடும்.