மூணாம் நம்பர் பிளக்

ஜனவரி 9, வியாழன்

பத்தமடை தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. மிதித்தால் வேகம் ஏறவில்லை, விக்கி விக்கிப் போனது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மாவுக்குப் பேசத் தெம்பிருக்காது. ஆனாலும் பின்சீட்டில் படுத்தபடியே, "ஏட்டி, மிஸ் அடிக்குது" என்றாள். எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாததை அப்படிச் சொல்வார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காது.

ஜனவரி 10, வெள்ளி

மெக்கானிக் அண்ணன் கடை பூட்டியிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டாராம், இருபத்தொன்றாம் தேதிதான் திறப்பாராம். "பிளக்காத்தான் இருக்கும் தங்கச்சி, மூணையும் மாத்திப் பாருங்க" என்றார் போனில். எங்களுக்கு டயாலிசிஸ் 11, 14, 16, 18.

ஜனவரி 11, சனி

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிப் போய் வந்தோம். போன டயாலிசிஸுக்குப் பிறகு அம்மாவின் எடை 2.6 கிலோ கூடியிருந்தது, எல்லாம் உடம்பில் தங்கிய தண்ணீர். அம்மா தண்ணீர் குடித்ததை நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஜங்ஷனில் மூன்று பிளக், 330 ரூபாய். சிலிண்டருக்கு ஒன்று, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி அதில்தான் வரும்.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்குகள் திருகியிருக்கும் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், மரை போனால் செவ்வாய்க்கிழமை வண்டி இல்லை. இது ஒன்றுதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது.

பானெட்டின் உள்பக்கம் அப்பா பெயிண்டில் எழுதியது இன்னும் அழியவில்லை: 1-3-2. அதற்குக் கீழே 0.8. முதலாவது பொறி விடும் வரிசை. இரண்டாவது பிளக் முனையில் விட வேண்டிய இடைவெளி, மில்லிமீட்டரில். 97 மாடல் மாருதி 800-க்கு இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்பார்.

ஒயர்களில் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிக்கொண்டேன். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி எடுத்தேன். சைக்கிள் பம்பால் குழிகளில் இருந்த மண்ணை ஊதினேன், இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றும்போது அது சிலிண்டருக்குள் விழும். 21 ஸ்பேனர் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றியபடியே டிக்கியில் கிடந்தது.

ஒன்று வந்தது. முனை பிஸ்கட் நிறம். இரண்டாவதும் அப்படியே. நல்ல எரிப்பு.

மூன்று அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் அசைந்திருக்கும். கொடுக்கவில்லை. துரு எடுக்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். அம்மா திண்ணையில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 13, திங்கள்

வந்துவிட்டது! அரைக்கால் சுற்று தளர்த்தல், திரும்ப இறுக்கல், மறுபடி கொஞ்சம் தளர்த்தல் என்று இருபது நிமிஷம். வெளியே வந்த முனையில் எண்ணெய் மினுங்கும் கருப்பு. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல் என்று விட்டிருப்பேன். இது எண்ணெய். உள்ளே எங்கோ கசிகிறது.

புதுப் பிளக் முனைகளில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.8 தகட்டை விட்டுப் பார்த்தேன். இரண்டில் லேசாக உரசிக்கொண்டு போனது. ஒன்று லூஸ், மெதுவாகத் தட்டிச் சரிசெய்தேன். பிளக்கின் பின்முனையில் பழைய பெட்ரோல் டியூப் துண்டைச் செருகி, டியூபையே விரலால் சுற்றி மரையில் ஏற்றினேன். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் தொடவில்லை.

சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினேன். குலுங்கல் இல்லை. அம்மா வாசலிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எல்லோர் வாசலிலும் பானை பொங்கும்போது நாங்கள் சேரன்மகாதேவியைக் கடந்துகொண்டிருந்தோம். அறுபதில் அலுங்காமல் போனது.

நேற்றே சிறுகிழங்கை நறுக்கி ஊறவைத்து, வெந்த தண்ணீரை இரண்டு தடவை வடித்துக் கொட்டி வைத்திருந்தேன். பொட்டாசியம் குறைய வேண்டும். ருசியும் அதோடு போய்விடுகிறது. நாலு துண்டு சாப்பிட்டாள். கரும்பைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

ஜனவரி 15, புதன்

ஒன்றுமில்லை. நல்ல நாள்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் ஸ்டார்ட் செய்தபோது சைலன்ஸரில் நீலப் புகை, ஒரே ஒரு கொத்து, அப்புறம் இல்லை. வால்வு சீல் தேய்ந்திருக்கும். ராத்திரியில் எண்ணெய் வால்வு தண்டு வழியாக இறங்கி நிற்கிறது. அப்படியானால் மூன்றாவது பிளக் மறுபடியும் கறுக்கும். எத்தனை நாளில்? கழற்றிப் பார்க்கலாம். ஆனால் அடிக்கடி கழற்றினாலும் மரைக்குக் கேடு. பழைய பிளக்குகளைத் துடைத்து டிக்கியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18, சனி

எடை 1.9 தான் கூடியிருந்தது. நர்ஸ் அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

தாங்கவில்லை, கழற்றிவிட்டேன். மூன்றாவதில் ஓரத்தில் மட்டும் லேசான கருப்பு. முனை சுத்தம். பழைய வாஷர் என்பதால் இந்தத் தடவை அரைச் சுற்று வேண்டாம், உட்கார்ந்ததும் ஒரு சிறு இறுக்கு போதும்.

ஜனவரி 20, திங்கள்

4.40. தினமும் எழுந்ததும் அம்மாவின் இடது கையில் ஃபிஸ்டுலா மேல், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், விரல் வைத்துப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். இன்று தெரியவில்லை. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். மருத்துவமனையில் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள், அடைப்பாக இருந்தால் தாமதிக்கக் கூடாது என்றார்கள்.

வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சூடேறட்டும் என்று விட்டிருக்கிறேன். அம்மா செருப்பைத் தேடுகிறாள்.