வடக்கு வெயில்: கீழக்கரையில் ஒரு மான்ஸ்டெரா

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு மதுரை சென்று திரும்பியபோது, மூன்றே இலைகள் கொண்ட மான்ஸ்டெரா செடி ஒன்றை நர்சரியில் வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு கீழக்கரை வந்து சேர்ந்தேன். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள மழைக்காடுகளில் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. மேலே உள்ள கிளைகளும் இலைகளும் வடிகட்டி அனுப்பும் ஒளியில் வளர்ந்து பழகியதால், வெளிச்சம் நிறைய வேண்டும், நேர் வெயில் மட்டும் ஆகாது. நான் படித்த வளர்ப்புக் குறிப்புகள் எல்லாமே, நேர் வெயில் எட்டிப் பார்க்காத திசை வடக்கு என்று உறுதியாகக் கூறின. எங்கள் வீட்டு வராந்தாவும் வடக்குப் பார்த்தது. ஏழடி உயரத்துக்குக் கம்பி போட்டு, மேலே ஓரடி அகலத்தில் சன்ஷேடு இறக்கியிருக்கிறது. தொட்டியைக் கம்பியிலிருந்து ஓரடி தள்ளி வைத்தேன்.

பங்குனி முடியும்வரை குறை ஒன்றும் இல்லை. நான்காவது இலை ஒரு பக்கத்தில் இரண்டு பிளவுகளுடன் விரிந்தது; வெளிச்சம் போதுமானால் வளர வளர இலைகள் பிளந்து விரிவதே இந்தச் செடியின் அழகு. இலைகள் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மெல்லச் சாய்ந்து, கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன. அப்போது அதைக் கண்டு மகிழ்ந்தேனே தவிர, தொட்டியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சித்திரை பிறந்து மூன்று வாரங்கள் ஆகியிருக்கும். பெரிய இலையின் நடுவில், உள்ளங்கை அளவுக்கு, பச்சை வெளிறிச் சாம்பல் பூத்தது போன்ற ஒரு திட்டு தெரிந்தது. நான்கு நாளில் அது பழுப்பாகி, விரலால் தட்டினால் காய்ந்த ஓலை போலச் சலசலத்தது. அதே சமயத்தில் எல்லா இலைகளின் நுனியும் விளிம்பும் கருகத் தொடங்கியிருந்ததால், இரண்டுக்கும் தண்ணீரே காரணம் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இந்தக் கரையில் அது புதிய செய்தி அல்ல. உடனே கிணற்று நீரை நிறுத்தி, காவிரிக் கூட்டுக் குடிநீரை ஒரு குடம் பிடித்து வைத்து ஊற்றினேன். நுனிக் கருகல் நின்றது. நடுத் திட்டுகளோ வாரத்துக்கு ஒன்றாகப் பெருகின. உப்பு, வேர் வழியாக ஏறி, நீர் போய் முடியும் ஓரத்தில் சேர்கிறது. வெயிலோ எந்தப் பரப்பில் நேராக விழுகிறதோ அந்தப் பரப்பைச் சுடுகிறது. ஆகவே ஓரம் கருகினால் தண்ணீரையும், நடு கருகினால் வெயிலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதை இரண்டு இலைகளைப் பறிகொடுத்த பிறகே கற்றுக்கொண்டேன். வெட்டியெடுத்த இலையின் பால் கையில் பட்டு மாலைவரை அரித்தது. சேப்பங்கிழங்கின் குடும்பத்தில் பிறந்த செடி. வேறு எப்படி இருக்கும்!

வடக்கிலிருந்து வெயில் எப்படி வரும் என்று நான் குழம்பி நின்றபோது, பக்கத்து வீட்டில் பனையோலை முடையும் பெரியம்மா கம்பிக்கு வெளியே நின்றபடி, “ஏப்பா, சித்திரைக்கு மேல வெயிலு வடக்க போயிரும்ல? ஓலை காயப் போடுற எங்களுக்குத் தெரியாதா? ஒரு தட்டி கட்டு” என்றார். குறிப்புகளை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து நாற்பது, ஐம்பது பாகை (டிகிரி) வடக்கில், அங்கே உச்சிச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். கீழக்கரை இருப்பதோ ஏறத்தாழ 9.2 பாகையில். ஏப்ரல் 13, 14 வாக்கில், அதாவது சித்திரை முதல் நாளை ஒட்டி, சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 28, 29 வாக்கில்தான் மீண்டும் தலைக்குமேல் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்தே விழுகிறது.

ஜூன் 21 அன்று விடுப்பு எடுத்து, வராந்தாத் தரையில் வெயில் எட்டும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டேன். நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 14 பாகை மட்டுமே வடக்கே சாய்ந்திருந்ததால், கோடு கம்பியிலிருந்து முக்கால் அடியில் நின்றுவிட்டது. ஆனால் மாலை நான்கே காலுக்கு, வடமேற்கிலிருந்து சன்ஷேடுக்கு அடியில் புகுந்த வெயில் மூன்றேகால் அடிவரை உள்ளே வந்திருந்தது. காலை எட்டேகால் மணிக் கோடும் ஏறக்குறைய அதே தூரம். கம்பியில் சாய்ந்திருந்த இலைகளுக்கு விடிந்தது முதல் அடையும்வரை வெயில்தான். நிழலில் விரிந்த மெல்லிய இலை திடீரென்று அதைத் தாங்காது: வாங்கும் ஒளியைப் பயன்படுத்த முடியாமல் பச்சையம் சிதைகிறது, இலையும் சூடேறிக் காய்கிறது. ஒருமுறை வெந்த திட்டு திரும்பப் பச்சையாவதில்லை.

பதற்றத்தில் நான் செய்த அடுத்த தவறு, 75 சதவீத நிழல்வலையைக் கம்பி முழுவதும் இழுத்துக் கட்டியது. கருகல் நின்றது, வளர்ச்சியும் நின்றது. ஆறு வாரம் கழித்து வந்த இலை, நீண்ட காம்பின் முனையில் ஒரு பிளவுகூட இல்லாமல், வெற்றிலையைப் பெரிதாக்கினாற்போல் தொங்கியது. அளவைப் பார்க்க எனக்கு உதவியது கருவி அல்ல, ஒரு வெள்ளைத் தாள். இலை இருக்கும் இடத்தில் தாளைப் பிடித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டினால், விரல்களின் நிழல் கத்தரித்தாற்போல் கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். விரல்கள் தெரிந்தும் ஓரம் மங்கியிருந்தால் சரி. நிழலே தெரியாவிட்டால் இருட்டு. வலைக்குப் பின்னால் என் கை தாளில் பதியவே இல்லை.

வலையை அவிழ்த்துவிட்டு, பெரியம்மாவிடம் வாங்கிய ஓலைத் தட்டியை மேற்குக் கோடியில் மட்டும் கட்டி அந்த ஆண்டை ஒப்பேற்றினேன். ஆவணிக்குப் பிறகு தட்டியே தேவைப்படவில்லை.

2025இல் தட்டியும் வேண்டாம் என்று, ஏப்ரல் 14 அன்று தொட்டியைத் தெற்கு அறையின் ஜன்னலுக்கு மாற்றினேன். மார்கழியில் அறையின் பாதிவரை வெயில் படுத்திருக்கும் அதே ஜன்னலில், சித்திரை முதல் ஆவணிப் பாதிவரை நேர் வெயில் துளியும் இல்லை, வானத்தின் வெளிச்சம் மட்டும் தாராளமாக வருகிறது. ஆனால் எங்களுக்குக் கடல் தெற்கில். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, இலைமேல் உப்பும் புழுதியும் கலந்த ஒரு படலத்தைப் பூசிவிடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைப்பதும், வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. திருப்புவதால் செடி ஒரே பக்கம் சாய்வதில்லை.

ஆகஸ்ட் 28 அன்று பகல் பன்னிரண்டேகாலுக்கு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தேன்; அதன் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிட்டது. அன்று மாலையே தொட்டியை வடக்கு வராந்தாவுக்குத் தூக்கி வந்தேன். பாதி விரிந்திருந்த ஒன்பதாவது இலையில் ஒரு பக்கத்துக்கு நான்கு பிளவுகளும், நடு நரம்பை ஒட்டி முதன்முறையாக ஒரு சிறு துளையும் இருந்தன.