டால்டா டின்னும் நல்லெண்ணெயும்

அம்மா வீட்டு மொட்டை மாடில இன்னும் ஒரு மஞ்சள் டால்டா டின் இருக்கு, துரு ஏறிப்போய் உள்ள கத்தாழை வளருது. போன வாரம் தண்ணி ஊத்தறப்ப பொண்ணு கேட்டா, இதுல என்னப்பா இருந்துச்சுன்னு. நெய் மாதிரி இருக்கும் ஆனா நெய் இல்ல, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கின வனஸ்பதின்னு ஆரம்பிச்சேன், அரை மணி நேரம் ஓடிடுச்சு.

வளைஞ்ச சுள்ளியைக் கட்டா கட்டிப் பாருங்க, நெருக்கமாவே சேராது. எண்ணெயும் அப்படித்தான், அதோட கொழுப்பு அமிலச் சங்கிலில இரட்டைப் பிணைப்பு இருக்கற இடத்துல ஒரு வளைவு இருக்கும், அதனாலதான் ஒலிக் அமிலம் 13 டிகிரிலயே உருகி ஓடுது. நிக்கல் தூளைப் போட்டு சூடாக்கி ஹைட்ரஜன் வாயுவை அழுத்தி விட்டா அந்தப் பிணைப்புல ஹைட்ரஜன் போய் உக்காந்துக்கும், சங்கிலி நேராகும், அதுதான் ஸ்டீரிக் அமிலம், உருக 69 டிகிரி வேணும். நிக்கலோட இந்த வேலையைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சு வேதியியலாளர் சபாட்டியேவுக்கு 1912ல நோபல் குடுத்தாங்க, எண்ணெய்ல செஞ்சு காட்டினவர் ஜெர்மனிக்காரர் நார்மன், 1901ல. டால்டா நம்மூருக்கு வந்தது 1937ல.

ஹைட்ரஜனேற்றம்னாலே விஷம்னு வாட்ஸப்ல சுத்துதே, அது தப்பு. முழுசா ஏத்தினா டிரான்ஸ் கொழுப்பு கிட்டத்தட்ட இருக்காது, ஆனா மெழுகு மாதிரி கெட்டியாயிடும், வாயில கரையாது, அதனால பாதில நிறுத்தினாங்க. அந்தப் பாதிலதான் வினை. நிக்கல் மேல ஒட்டின சில சங்கிலி ஹைட்ரஜன் முழுசா கிடைக்காம பழையபடி பிணைப்பு போட்டுக்கிட்டு, ஆனா திரும்பின வாக்குல கழண்டு வந்துடும், அதுதான் டிரான்ஸ், இதயத்துக்கு ரொம்பக் கெடுதல். 2022 ஜனவரிலேர்ந்து எண்ணெய், வனஸ்பதில இது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இங்க சட்டம். முன்னாடியே வந்திருக்கணும்.

இன்னொரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெய்ல கலப்படம் பண்ணினா காட்டிக்குடுக்கணும்னே வனஸ்பதில 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னாங்க. காலேஜ் லேப்ல கடை நெய்யை உருக்கி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு குலுக்கி வச்சோம், மேல நெய் தெளிஞ்சு நின்னுச்சு, அடில அமிலம் மெதுவா ரோஸ் கலராச்சு, நல்லெண்ணெய் உள்ள இருக்குன்னு அர்த்தம். சுத்த நெய்னு எழுதியிருந்த பாட்டில் அது.