கேப்பர் மலைச் செம்மணல்கல்லில் பழைய நீரோட்டத் திசையை அளப்பது

கடலூர் கேப்பர் மலையின் ஓடைக் கரைகளில் தெரியும் செம்மணல்கல், மயோசீன்–பிளியோசீன் காலத்தில் (பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய புவியியல் காலங்கள்) பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்து போட்டது. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போனால் சுவர்கள் கழுவிவிட்டது போல இருக்கும். காலைச் சாய்வெயிலில் அடுக்குகள் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சிவப்புதான்.

தேட வேண்டியது குறுக்கு அடுக்கு: கிடையாகப் போகும் இரண்டு தளங்களுக்கு நடுவே, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மெல்லிய படுகைகள். ஆற்றடி மணல்திட்டின் முன்பக்கம் மணல் சரிந்து சரிந்து உண்டான சாய்வு அது. சாய்வு எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் போயிருக்கிறது.

அளப்பது சுலபம், எதை அளக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை. முதலில் ஏமாற்றுவது இரும்புக் கறை. ஊறிய நீர் விட்டுப்போன சிவப்பு, மஞ்சள் பட்டைகள் அச்சு அசலாக அடுக்கு மாதிரியே வளைந்து போகும். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். உண்மையான படுகையில் பொடிமணல், பருமணல் மாறி மாறி வரும், சின்னக் கூழாங்கல் வரிசை கட்டும். கறைப்பட்டை நிறத்தில் மட்டும்தான் மாறும்.

அடுத்தது, சுவரில் தெரியும் சாய்வு முழுச் சாய்வு அல்ல. 25 டிகிரி சாய்ந்த படுகைகூட, ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டிய சுவரில் கிடையாகத் தெரியும். அதனால் இந்த மெத்தென்ற கல்லில் கத்தியால் உள்ளங்கை அகலத்துக்குப் படுகையின் மேல்தளத்தைச் சுரண்டித் திறந்துவிடுவோம். அதன்மேல் ஒரு அட்டையைப் பொருத்தி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால், ஓடி இறங்கும் கோடுதான் சாய்வுத் திசை. பிரண்டன் காம்பஸில் (திசையும் சாய்வும் அளக்கும் புவியியலாளர் திசைகாட்டி) திசையையும் கோணத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். காந்த முள்ளைத் திருப்பிவிடும் சுத்தியல், செல்போன், பைக் எல்லாம் எட்டவே இருக்கட்டும்.

குடைவான, தொட்டி வடிவப் படுகை என்றால் கூடுதல் கவனம். அதன் இரு பக்கச் சரிவுகளும் ஓட்டத்திலிருந்து வெகுவாக விலகியிருக்கும். ஒரு பக்கத்தையே அளந்துகொண்டிருந்தால் முடிவு கோணலாகிவிடும். தரைமட்டத்தில் அது வில் வில்லாக வெளிப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம்: வில்லின் உட்குழிவு பார்க்கும் பக்கம்தான் ஓட்டம்.

ஓர் இடத்துக்கு 25 அளவாவது வேண்டும், அதுவும் வெவ்வேறு படுகைத் தொகுதிகளில் (இரண்டு கிடைத்தளங்களுக்கு நடுவே உள்ள படுகைகள் ஒரு தொகுதி). ஒரே தொகுதியில் பத்து அளந்தால் பத்தும் ஒன்றுக்குச் சமம். இங்கே பாறையின் பொதுச் சாய்வு மிகக் குறைவு, திருத்தம் தேவைப்படாது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த ஊர்களில் ஸ்டீரியோநெட்டில் (சாய்வுகளைக் குறித்துச் சுழற்றும் வட்ட வரைபடம்) நிமிர்த்தியே ஆகவேண்டும்.

சராசரியைச் சும்மா கூட்டி வகுக்காதீர்கள். 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் அப்படிச் சராசரி எடுத்தால் 180, அதாவது வடக்கே போன ஆறு தெற்கே திரும்பிவிடும்! ஒவ்வொரு திசைக்கும் சைன், கொசைன் எடுத்துத் தனித்தனியாகக் கூட்டுங்கள். சைன் கூட்டலைக் கொசைன் கூட்டலால் வகுத்து, டேன் தலைகீழில் (tan⁻¹) கோணம் காணுங்கள். கொசைன் கூட்டல் மைனஸ் என்றால் 180 சேர்க்க வேண்டும். சைன் மட்டும் மைனஸ் என்றால் 360. எந்தத் திசையில் எத்தனை அளவு என்று வட்டத்தில் காட்டும் ரோஜா வரைபடத்துக்கு 30 டிகிரிக் கட்டங்கள் போதும். இன்றைய பெண்ணையாறு கிழக்கே போகிறது என்பதற்காக, ஒத்துவராத அளவுகளை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. வளைந்து நெளியும் ஆற்றில் அளவுகள் சிதறத்தான் செய்யும்.

புதுச்சேரிக்குப் பக்கத்துத் திருவக்கரையில் இதே பாறையில் கிடக்கும் கல்மரங்களின் கிடப்பையும் குறிக்கலாம், தொடாமல். ஆனால் அடித்துவரப்பட்ட மரம் ஓட்டத்தின் போக்கிலும் கிடக்கும், குறுக்கேயும் கிடக்கும். போக்கில் கிடந்தாலும் எந்த முனைப் பக்கம் நீர் போனது என்று அது மட்டும் சொல்லாது. பக்கத்துக் குறுக்கு அடுக்கோடு ஒப்பிட்ட பிறகே கணக்கில் சேருங்கள்.