மழை பெஞ்சா வழுக்கும்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் தன் மலைக்குத் திரும்பிய மறுவாரம், மதுரை பக்கத்துக் கீழக்குயில்குடிக்குப் போனோம். இந்தச் சித்திரை வெயிலில் சமணர் மலை ஏறப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள். அது நியாயமான பார்வைதான் என்பது ஒன்பது மணிக்குள் புரிந்துவிட்டது.

நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் பைக்கில் போனால் தூரமே இல்லை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கே ஒரு அம்மாவிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம். "மழக்காலத்துல வந்துராதீங்கப்பா. அந்தக் கறுப்பு ஓடியிருக்குல்ல, அதுல கால வச்சா வழுக்கி விட்டுரும்" என்றார்.

அந்தக் கறுப்பை இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். மதுரை ஆனைமலையிலும் உண்டு, திருப்பரங்குன்றத்திலும் உண்டு. உச்சியிலிருந்து மை கொட்டியதுபோல் பாறையில் வழிந்து கிடக்கும். மழைத்தண்ணீரின் கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

"கறை இல்ல மாப்ள, அம்புட்டும் உசுரு" என்றார் கூட வந்த மச்சான். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவர். சும்மா இருக்க மாட்டார்.

நீலப்பச்சைப் பாசி என்கிறோமே, அந்த நுண்ணுயிர்களின் கூட்டம்தான் பெரும்பாலும் இந்தக் கறுப்பு. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. இடையிடையே வட்டவட்டமாகப் படர்ந்திருந்தது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம் அது. (பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.)

பாறையைத் தொட்டேன். உள்ளங்கை சுட்டது. இதில் எப்படி ஓர் உயிர் இருக்கும்?

மச்சான் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்தக் கறுப்பே ஒரு குடை. சைட்டோனெமின் என்ற நிறமியைத் தன் உறையில் பூசிக்கொண்டு புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொள்கிறது. தன்னைச் சுற்றிக் கஞ்சிப்பசை மாதிரி ஒரு சர்க்கரைப் பசையையும் சுரக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்க அது. மழைக்காலத்தில் உப்பிப்போய் நம்மை வழுக்கி விடுவதும் அதே பசைதான். அப்புறம் தண்ணீர் முழுக்கப் போனதும், டிரெஹலோஸ் என்ற சர்க்கரை தண்ணீர் இருந்த இடத்தில் உட்கார்ந்து, செல்லின் புரதமும் சவ்வும் குலையாமல் தாங்கிக்கொள்ளும். வளர்ச்சி, ஒளிச்சேர்க்கை எல்லாம் நின்றுபோகும். சுண்டைக்காய் வற்றல் மாதிரிதான். என்ன, வற்றலைத் தண்ணீரில் போட்டால் ஊறும், இது எழுந்து வேலைக்குப் போகும்.

மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் வரிசையாக, கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பாசியும் துறவிகள் மாதிரி அன்னந்தண்ணி இல்லாமல் தவம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். மச்சானுக்குக் கடுப்பாகிவிட்டது. "அவங்க விரும்பி இருந்தாங்க. இதுக்கு வேற வழியில்ல. ரெண்டும் ஒண்ணா?"

சரிதான். ஆனால் கஷ்டத்தைத் தாங்குவது வேறு, அதையே விரும்பி வாழ்வது வேறு என்று அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. 1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் குழு கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவுக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் சுகம். 40க்குக் கீழே போனால் வளராது. நாம் குடை தேடும் மதுரை வெயில் அதற்கு மார்கழிக் குளிர்! கொதிக்கப் போகிற சூட்டிலும் சட்டென்று கெடாத அதன் நொதி வந்த பிறகுதான், டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை வேகமாக ஓடத் தொடங்கியது.

சமணர் மலைப் பாசி அந்த ரகமில்லை. வெயிலை அது அனுபவிக்கவில்லை, பொறுத்துக்கொள்கிறது.

காய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு, டி.என்.ஏ. இழை நறுக்நறுக்கென்று உடையும். இங்கேதான் 1956இல் அமெரிக்காவின் ஓரிகனில் நடந்த கதை வருகிறது. டப்பாவில் அடைத்த இறைச்சியைக் கெடாமல் வைக்கக் கதிர்வீச்சு பாய்ச்சினார்கள். அப்படியும் கெட்டுப்போனது. உள்ளே பிழைத்திருந்தது டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா. மனிதரைக் கொல்ல 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு போதும். இது 5,000 கிரேயைத் தாங்கும். பூமியில் இயற்கையாக அவ்வளவு கதிர்வீச்சு எங்குமே கிடையாது. அப்படியானால் இந்தத் திறமை எதற்கு? காய்ந்து காய்ந்து உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைத்துப் பழகிய கைதான், கதிர்வீச்சு உடைத்ததையும் ஒட்டவைக்கிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். வறட்சியைச் சமாளிக்கக் கற்றது வேறொன்றுக்கும் உதவியிருக்கிறது.

இறங்கும்போது, சிற்பங்களுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, மச்சான் பாட்டில் தண்ணீரில் பாதியைக் கறுப்பின்மேல் ஊற்றினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது. நிழலில் ஒதுங்கி மிச்ச வெள்ளரிப்பிஞ்சைக் கடித்து முடித்துவிட்டு வந்து பார்த்தால், பொருக்கு லேசாக உப்பியிருந்தது. கறுப்புக்குள் ஒரு கரும்பச்சை. போட்டோ எடுக்க ஓர் அடி முன்னால் வைத்தேன்.

அடிவாரத்தில் என் பேண்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்த வெள்ளரிக்கா அம்மா, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"மேல மட்டும் மழையாப்பா?"