பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்

அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்கதானே டாக்டர், பார்க்கலாம்னு சொன்னீங்க" என்றார், அவ்வளவுதான். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சொன்னது உண்மை. பையனுக்கு அப்போது 7 வயது. மேல் முன்பல் ஒன்று பாதி முளைத்து, கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகக் கடித்தது. மெதுவாக வாயை மூடச் சொன்னேன். பல் நுனிகள் முதலில் இடித்துக்கொண்டன, அப்புறம்தான் தாடை முன்னால் நழுவியது. அப்படியென்றால் தாடை எலும்பில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பல் முளைத்த இடம்தான் சிக்கல். அந்த நிம்மதியில், "இப்பவே கிளிப் போடணுமா?" என்று அவர் கேட்டதும், "பல் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், 3 மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்" என்றேன்.

வந்தது 2 வருடம் கழித்து. எதிரே இருந்த கீழ்ப்பல் ஒவ்வொரு கடியிலும் வெளியே தள்ளப்பட்டு, ஈறு இறங்கி, லேசாக ஆடியது.

3 மாதம் என்று சீட்டிலும் எழுதியிருந்தேன். பாதி முளைத்த பல்லை ஸ்பிரிங் வைத்துத் தள்ளுவது சிரமம் என்பதும் பொய்யில்லை. ஆனால் மேல்பல் ஆழமாகப் பூட்டிக்கொள்ளும் முன், தட்டையான மரக்குச்சி ஒன்றைக் கொடுத்துத் தினமும் கடித்துப் பழகச் சொல்லியிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பலிக்காதுதான். அன்று பையன் அழுதுகொண்டிருந்தான், அம்மா பயந்திருந்தார். அவர்களை இலகுவாக அனுப்பிவைக்க நினைத்தேன். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனமில்லாதபோது நாம் எல்லோரும் சொல்வது 'பார்க்கலாம்' என்றுதானே? அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

கழற்றி மாட்டும் பிளேட்டில் ஸ்பிரிங் வைத்து, சில மாதங்களில் பல் முன்னால் வந்துவிட்டது. கீழ்ப்பல்லின் ஆட்டமும் நின்றது. ஈறு ஓரளவுதான் மேலேறியிருக்கிறது.

இப்போது யாரையும் காத்திருக்கச் சொல்லத் தயங்குகிறேன். அதுவும் சரியில்லை. போன வாரம் வந்த சிறுமிக்குக் கிட்டத்தட்ட இதே கடி, ஆனால் நுனிகள் இடிக்கவில்லை, தாடை நழுவவும் இல்லை. அவள் அப்பாவுக்கும் கீழ்த்தாடை முன்னால் நிற்கிறது. அப்படியென்றால் சிக்கல் தாடை எலும்பிலேயே இருக்கலாம். இன்று பல்லை நகர்த்திவிட்டாலும், தாடை வேகமாக வளரும் வயதில் கடி பழையபடி திரும்பலாம். எக்ஸ்ரே எடுத்துவிட்டு முடிவு செய்வோம் என்று நெடுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "சரி டாக்டர், அப்போ இப்ப செய்யணுமா, வேண்டாமா?" என்றார்.