பாரிஷ் கவுன்சிலில் உட்காருவதற்குள் பட்ட பாடு

இங்கிலாந்துக் கிராமங்களில் குடியிருக்கும் நம்மவர்கள் யாராவது பாரிஷ் கவுன்சிலில், அதாவது நம் ஊர் கிராமப் பஞ்சாயத்து மாதிரியான அமைப்பில், சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இதை ஒரு தடவை படித்துவிட்டுச் சேருங்கள். சேருவது கஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உண்மையில் கஷ்டமும் இல்லை. ஆள் கிடைக்காமல்தான் பாதி கவுன்சில்கள் திண்டாடுகின்றன. அப்படியிருந்தும் எனக்கு வசந்தத்தில் தொடங்கிய வேலை இலையுதிர் காலத்தில்தான் முடிந்தது, அதில் பெரும்பகுதி காகிதத்தால் வந்த வினை.

லிங்கன்ஷயரில் எங்கள் ஊர் மிகச் சிறியது. கவுன்சிலில் ஏழு இடம், அதில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில், பாசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், காலியிட அறிவிப்பு இருந்தது. வாக்காளர்களில் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்த வேண்டும், கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைத்தான் இங்கே கோ-ஆப்ட் செய்வது என்பார்கள். யாரும் கேட்கவில்லை. கவுன்சிலின் காகித வேலைகளைச் சம்பளத்துக்குப் பார்க்கும் கிளார்க்குக்கு நான் மின்னஞ்சல் போட்டேன்.

வந்த பதில்: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்கள்தான் கவுன்சிலர் ஆக முடியும்.

இந்த இடத்திலேயே நிறையப் பேர் சரி என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 79-ஆவது பிரிவு: பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களோடு தகுதியுள்ள காமன்வெல்த் குடிமக்களும் கவுன்சிலர் ஆகலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த்தான். அந்த 'தகுதியுள்ள' என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். வேலை விசாவில் இருக்கும் காமன்வெல்த்காரர்கள் ஓட்டுப் போடலாம், ஆனால் கவுன்சிலர் ஆக முடியாது. அதற்கு ஐஎல்ஆர், அதாவது காலவரம்பில்லாமல் தங்கும் அனுமதி, வேண்டும். என் நண்பர் ஒருவர் ஓட்டுரிமை இருக்கிறதே என்று நினைத்து வேறு ஊரில் படிவம் வரைக்கும் நிரப்பிவிட்டார், நல்லவேளை கொடுக்கவில்லை.

இது தவிர ஊரோடு ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அல்லது கடந்த 12 மாதமும் ஊருக்குள்ளேயோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளேயோ குடியிருந்திருந்தாலும் போதும். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டிக் கையேட்டில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து, கோபமில்லாமல் இரண்டு வரி எழுதி, கிளார்க்குக்கு அனுப்பினேன். அப்புறம் 'உங்கள் ஐஎல்ஆர் அட்டையைக் காட்டுங்கள்' என்றார். அந்த அட்டையெல்லாம் 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதி, இப்போது எல்லாம் இணையத்தில் காட்டும் ஈ-விசா என்று சொன்னதும் அவருக்கே சலித்துவிட்டது போல, தகுதி இருக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்குச் சில மணி நேரச் சம்பளம்தான், பக்கத்து ஊர் கவுன்சில்களுக்கும் அவரே கிளார்க், சட்டம் மாறினால் யாரும் கூப்பிட்டுச் சொல்வதும் இல்லை.

சரி, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம், வாருங்கள் என்றார். போனேன். வில்லேஜ் ஹாலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கப்போகும்போது, பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை, கையைத் தூக்கினார். இந்தக் கூட்டம் செல்லாது என்றார்.

விஷயம் இதுதான். கூட்டத்துக்கு முன்னால் மூன்று முழு நாள் இருக்கும்படி அஜெண்டாவை வெளியிட வேண்டும், பலகையிலும் ஒட்ட வேண்டும். ஒட்டிய நாள் கணக்கில் வராது, கூட்ட நாளும் வராது. ஞாயிறு வராது, வங்கி விடுமுறை வராது, சனிக்கிழமை மட்டும் வரும். எங்கள் கூட்டம் மே மாதத் திங்கள் விடுமுறைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்படியானால் வியாழன், வெள்ளி, சனி இந்த மூன்றும்தான் முழு நாள். புதன்கிழமைக்குள் ஒட்டியிருக்க வேண்டும். கிளார்க் ஒட்டியது வெள்ளி. அந்த அம்மா வியாழக்கிழமை வெறும் பலகையைத் தன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார், தேதி நேரத்தோடு. தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தலைவர் ஆலோசனை கேட்க, பாரிஷ் கவுன்சில்களின் கவுண்டி அளவிலான சங்கத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார், அந்த நேரத்துக்கு யார் எடுப்பார்கள்? எல்லோரும் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான். ஆனால் அவர் செய்தது சரி என்பதையும் சொல்ல வேண்டும். முறையில்லாமல் கூடிய கூட்டத்தில் என்னைச் சேர்த்திருந்தால், பிறகு நான் கைதூக்கிய ஒவ்வொரு தீர்மானத்தையும் யாராவது கிளறிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

வருடாந்தரக் கூட்டத்தை மே மாதத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்பதால் மறுபடி கூட்டினார்கள். இந்த முறை நாள் கணக்கெல்லாம் சுத்தம். ஆனால் அஜெண்டாவில் என் விஷயத்தை 'காலியிடம் – தகவல்' என்று போட்டிருந்தார்கள். அஜெண்டாவில் குறிப்பிடாத எதையும் கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடாது. தகவல் என்று போட்டால் தகவல் மட்டும்தான் சொல்லலாம். முந்தைய கூட்டத்தில் சூடுபட்ட தலைவர் அசைந்து கொடுக்கவில்லை. 'அடுத்த மாதம் வாருங்கள், மன்னிக்கவும்' என்றார். பெரியம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், எனக்கு ஆதரவாகவா எதிராகவா என்று இன்றுவரை தெரியாது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது: உங்கள் விஷயம் எதுவாக இருந்தாலும், பெஞ்ச் கேட்பதோ மரம் வெட்டுவதோ, அஜெண்டாவில் 'முடிவெடுக்க' என்ற வார்த்தை இருக்கிறதா என்று ஒட்டிய அன்றே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே கிளார்க்குக்கு எழுதுங்கள். கூட்டத்துக்கு வந்து சொல்லிப் பயனில்லை.

ஜூன் மாதம் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் 'இங்கே நிரந்தரமாக இருப்பீர்களா?' என்று கேட்டார். ஊரைவிட்டுப் போன கவுன்சிலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்தானே என்று வாய் வரைக்கும் வந்தது, சிரித்துவிட்டு ஆமாம் என்றேன். பதவி ஏற்புப் படிவத்தில் கிளார்க் முன்னால் கையெழுத்து, அது ஒரு நிமிடம்.

அடுத்தது சொத்து, வருமான விவரப் படிவம். 28 நாளுக்குள் எங்களுக்கு மேலே இருக்கும் மாவட்டக் கவுன்சிலின் கண்காணிப்பு அதிகாரிக்குப் போக வேண்டும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தகுந்த காரணமில்லாமல் கொடுக்காமல் இருந்தால் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தைக் காட்ட வேண்டுமா என்று ஒரே குழப்பம். வேண்டியதில்லை, கவுன்சில் எல்லைக்குள் இருக்கும் நிலம், வீடு மட்டும்தான். ஆனால் மனைவியின் வேலையையும் காட்ட வேண்டும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் படிவம் இணையத்திலும் ஏறியது, வீட்டு முகவரியோடு. ஏறிய பிறகுதான் வீட்டில் தெரிந்தது. 'ஏங்க, என் ஆபீஸ் பேர் எதுக்குங்க உங்க ஊர் கவுன்சில்ல?' என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டில் முதலில் பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். மிரட்டல், வன்முறை பயம் இருப்பவர்கள் அதிகாரியிடம் சொல்லி அந்த விவரத்தை மறைத்து வைக்கக் கேட்கலாம்.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. காசோலையிலும் இணையப் பணப் பரிமாற்றத்திலும் இரண்டு கவுன்சிலர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் நிதி விதி. இரண்டு கையெழுத்துக் கட்டாயம் என்ற சட்டத்தை 2014-இலேயே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பல ஊர்களில் பழக்கத்தை விடவில்லை, விடாததும் நல்லதுதான். வங்கியில் கையெழுத்து அதிகாரம் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர்தான் ஊரைவிட்டுப் போனவர், இப்போது நாட்டின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில். மிச்சம் தலைவர் மட்டும். அதனால் புதியவரான என்னைச் சேர்க்கத் தீர்மானம் போட்டார்கள்.

புதிய ஆளைச் சேர்க்க ஏற்கெனவே அதிகாரம் உள்ள இருவர் கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. படிவம் தபாலில் கார்ன்வால் போனது. அவர் விடுமுறையில். வந்து கையெழுத்திட்டு அனுப்பினார், வங்கிக்குப் போனது, திரும்பி வந்தது. பெயர் ஒத்துப்போகவில்லையாம்.

நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், எங்கே இடித்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். கிளார்க் மினிட்ஸில், அதாவது கூட்டத்தின் பதிவுக் குறிப்பில், என் பெயரை விட்டுவிட்டு, 'கவுன்சிலர்' என்று போட்டு அப்பா பெயரை மட்டும் எழுதியிருந்தார். அதாவது எண்பது வயதில், ஊரைவிட்டு வெளியே வராமலேயே, என் அப்பா லிங்கன்ஷயரில் வங்கிக் கையெழுத்து அதிகாரம் பெற்றுவிட்டார். போனில் சொன்னபோது மாதம் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அந்த மினிட்ஸைத் தலைவர் ஏற்கெனவே கையெழுத்திட்டு முடித்துவிட்டார், அதில் கை வைக்க முடியாது. மறுபடி முழுப் பெயரோடு புதுத் தீர்மானம், அதை அஜெண்டாவில் போட்டு, மூன்று முழு நாள் காத்து, படிவம் மறுபடி கார்ன்வாலுக்கு. ஆகவே வரைவு மினிட்ஸ் வந்ததும் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஏற்பதற்கு முன்னால் சொன்னால் அங்கேயே பேனாவால் திருத்திவிடுவார்கள்.

இத்தனை நாளும் யாருக்கும் பணம் போகவில்லை. புல் வெட்டுபவர் இரண்டு பில் நிலுவையில் இருக்கிறது என்று மெஷினை நிறுத்திவிட்டார். விளையாட்டுத் திடலில் ஊஞ்சலில் ஆடும் பிள்ளைகளின் கால் புல் நுனியில் உரசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. கிளார்க் சம்பளமும் அதே கணக்கிலிருந்துதான் போக வேண்டும் என்பது அவருக்கு ஆகஸ்டில் உறைத்தது. அதற்கப்புறம் வங்கிக்குத் தினமும் போன் போட்டவர் அவரே. செப்டம்பர் கடைசியில் அதிகாரம் வந்தது. நான் ஒப்புதல் கொடுத்த முதல் பணம் புல் வெட்டுபவருக்கு. அடுத்த நாளே வெட்டிவிட்டார், பாவம்.

கவுன்சிலர் ஆனபின் எதிர்பார்க்காதது ஒன்று, ரோட்டுக் குழியைப் பற்றிய புகார்கள். கடையில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் குழி. ரோடு மாவட்டத்துக்கும் மேலே இருக்கும் கவுண்டிக் கவுன்சிலுடையது, குப்பை வண்டி மாவட்டக் கவுன்சிலுடையது. எங்களுடையது திடல், பெஞ்சுகள், பஸ் நிழற்குடை, ஒரு பவுண்டுக்கு வாங்கிய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கட்டட அனுமதி விண்ணப்பங்களுக்கும் 21 நாளுக்குள் கருத்துதான் சொல்லலாம், முடிவு மாவட்டத்தின் கையில். இதை விளக்கினால் தட்டிக் கழிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். கவுண்டி இணையதளத்தில் குழியைப் பதிவு செய்யும் பக்கத்தைக் கைபேசியில் திறந்து கொடுத்துவிடுவதுதான் நான் கண்டுபிடித்த வழி.

ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சிலர்கள் ஜூம் கூட்டத்தில் கத்திச் சண்டை போட்டு வைரலான அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் கூட்டமும் அப்படித்தானா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இங்கே யாரும் கத்துவதில்லை, கத்தினாலும் பாதிப் பேருக்குக் காது கேட்காது. கொரோனா காலத்தில் கொடுத்த ஆன்லைன் கூட்டச் சலுகை 2021 மே 6-ஓடு முடிந்தது. எனக்கு இரவுப் பணி வந்த வாரத்தில் ஜூமில் வரட்டுமா என்று கேட்டேன், நேரில் இருந்தால்தான் ஓட்டு என்றார்கள். ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் போகாமல், கவுன்சில் ஏற்கும் காரணமும் இல்லாமல் இருந்தால் பதவி தானாகப் போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கவுன்சிலர் ஆகாதவர்களுக்கும் பயன்படும். உங்கள் ஊருக்குத் தெருவோரத்தில் பெஞ்சோ நாய்க் கழிவுத் தொட்டியோ வேண்டுமென்றால் ஏப்ரலில் போய்க் கேட்காதீர்கள், பணம் ஒதுக்கி முடிந்திருக்கும். வீட்டுக்கு வரும் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில்லில் பாரிஷ் என்று தனியாகக் காட்டும் தொகையை எங்கள் பக்கம் ஜனவரியில் முடிவு செய்து மாவட்டத்துக்கு அனுப்புகிறோம், பட்ஜெட் பேச்சு நவம்பரிலேயே தொடங்கிவிடும். தொட்டி விலையோடு, அதை வருடம் முழுக்கக் காலி செய்ய மாவட்டம் கேட்கும் கட்டணத்தையும் விசாரித்து எழுதி, அக்டோபர் முடிவதற்குள் கிளார்க்குக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊரில் அப்படி அனுப்பிய ஒரே ஆள் அந்தப் பெரியம்மாதான், அவர் கேட்ட தொட்டி பட்ஜெட்டில் ஏறிவிட்டது.